பதினெட்டு அடிக்கு ஒரு மனு

“காகிதத்துல கட்டுற ஷெட்டுல காகிதக் காரத்தான்டி நிறுத்தலாம்” என்றாள் என் அத்தை.

அப்பாவின் அக்கா அவள். எங்கள் வீட்டுக்கு எதிர் வீடு. நான் கூடத்தில் உட்கார்ந்து பஞ்சாயத்து போர்டுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தேன். அவள் வாசற்படியில் நின்று வெற்றிலையை மென்றபடி என் பேனா போகும் பக்கமெல்லாம் தலையை ஆட்டினாள். “பொம்பளப் புள்ள எழுதுன மனுவ எவன் படிப்பான்?”

“படிக்கத் தெரிஞ்சவன் படிப்பான், அத்தை.”

“வாயப் பாரு, வாய!”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். எட்டாவது வரை பெரம்பலூரிலேயே படித்தேன். அதன் பிறகு திருச்சியில் விடுதியில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். அப்பாவுக்கு எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. அவருடைய பழைய வாடகைக் காரின் நம்பரையும், கடைவீதிச் சுவர்களில் எழுதிய விலைகளையும் படிப்பார். மற்றதையெல்லாம் நான் படித்துச் சொல்ல வேண்டும். அதில் எனக்குப் பெருமை உண்டு. இல்லை என்று சொன்னால் அது பொய்.

அந்தக் கார் பெரம்பலூருக்கும் அரியலூர் ரயிலடிக்கும் நடுவே ஓடி எங்களுக்குச் சோறு போட்டது. உலகச் சண்டை வந்து பெட்ரோலுக்குக் கூப்பன் என்றானதும் மாதத்தில் பாதி நாள் நின்றது. கடைசியில் அப்பா அதைத் திருச்சிக்கு ஓட்டிப் போய்க் கரிவாயு அடுப்பு ஒன்றைப் பின்னால் மாட்டிக்கொண்டு வந்தார். ஆள் உயரத்துக்கு ஒரு இரும்பு உருளை. மேலே மூடியைத் திறந்து அடுப்புக்கரியைக் கொட்ட வேண்டும். பக்கத்தில் இருக்கும் விசிறியைக் கையால் சுற்ற வேண்டும். கால் மணி நேரம் சுற்றினால் எஞ்சினுக்கு மூச்சு வரும். கரி எப்படிக் காரை ஓட்டுகிறது என்று அப்பாவிடம் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், விசிறி சுற்றும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். சுற்றிப் பார்த்தால் தெரியும் என்று நினைத்தேன். கை வலித்ததுதான் தெரிந்தது. மீதியைப் பிறகு ஒரு பழைய பத்திரிகையில் படித்துக்கொண்டேன்.

கார் வீட்டுக்கு வந்த அன்றே சிக்கல் தொடங்கியது. வீட்டை ஒட்டி அப்பா போட்டிருந்த ஷெட்டின் உள்நீளம் பதினாறு அடி. பின்னால் எங்கள் அடுப்பங்கரைச் சுவர். முன்னால் தெருவைப் பார்த்துப் பலகைக் கதவு. உருளை மாட்டிய பிறகு காரின் நீளம் பதினேழு அடி. கதவுக்கு வெளியே ஒரு அடி மூக்கை நீட்டிக்கொண்டு கார் நின்றது. தெருவில் போன ஆடு ஒன்று அதில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போயிற்று. நான்கு நாள் கழித்து, கரி கொட்ட மூடியைத் திறந்தபோது பொறி பறந்து மேலே இருந்த கூரைக் கீற்றைக் கருக்கியது. அம்மா ஒரு குடம் தண்ணீரை எறிந்ததால் ஷெட் தப்பியது.

கருகிய கீற்றை, வண்டிகளுக்கு அனுமதி தரும் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டார். வழியில் போனவர் வண்டியைப் பார்க்கத்தான் இறங்கினார். “ஓட்டுக் கூரை போட்டு, வண்டி முழுசா உள்ள நிக்கிற மாதிரி ஷெட்டப் பெருசாக்குங்க. தை பொறந்ததும் வருவேன். இப்படியே இருந்தா கரி வண்டி ஓட்டுற அனுமதிய நீட்டிக்க மாட்டேன்” என்றார். அப்போது புரட்டாசி. அனுமதி போனால் கார் போகும். கார் போனால் அப்பாவுக்கு வேறு தொழில் தெரியாது.

ஒரு ஷெட்டை இரண்டு அடி நீட்ட எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் நானும் அப்பாவோடு கிளம்பினேன். கட்டடத்துக்குப் பஞ்சாயத்து போர்டு அனுமதி. சிமெண்டுக்குத் தாலுகா ஆபீசில் பர்மிட். இரும்புத் தகடு வேண்டுமானால் அதற்குத் தனியாக இன்னொரு பர்மிட். ஒவ்வொரு மேஜையிலும், “இது இல்லாம கட்டுனா என்ன ஆகும்? இது எதுக்கு?” என்று கேட்டேன். அப்பா என் முந்தானையை இழுத்துக்கொண்டே இருந்தார்.

போர்டு குமாஸ்தா என் மனுவை இரண்டு தடவை படித்தார்.

“யாரு எழுதுனது? வக்கீல் வூட்டுக் குமாஸ்தாவா?”

“நான்தாங்க.”

“படமும் நீயா போட்ட?”

“ஆமாங்க. ஒரு அடிக்குக் கால் அங்குலம்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “தெருச் சாக்கடை வரைக்கும் ரெண்டு அடிதான் ஒங்க எடம். உள்ள பதினெட்டு. அதுக்கு மேல ஒரு வெரக்கடை வந்தாலும் ரத்து. தெரியுதாம்மா?” என்றார். பத்து நாளில் அனுமதி வந்தது. அத்தையிடம் கொண்டுபோய் முத்திரையைக் காட்டினேன். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் முத்திரையைத் தடவிப் பார்த்தாள்.

தாலுகா ஆபீசில் சிமெண்டுப் பிரிவு குமாஸ்தா சிரித்தார். “ஏரோப்ளேன் எறங்குற எடத்துக்கே சிமெண்டு பத்தல. நீங்க காரு எறங்குற எடத்துக்குக் கேக்குறீங்க. எழுதி வச்சிட்டுப் போங்க.” இரண்டு மூட்டைக்கு எழுதி வைத்துவிட்டு வந்தோம். சிமெண்டு இல்லாமல் ஷெட் இல்லை என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம் அது.

சிமெண்டு விதிகள் அச்சிட்ட தாளை நான் கேட்டு வாங்கி வந்திருந்தேன். அதை முழுவதும் படித்தேன். பர்மிட் வேண்டிய சாமான்களில் சிமெண்டு இருந்தது, இரும்பு இருந்தது. சுண்ணாம்பு எங்கேயும் இல்லை. செங்கல் இல்லை, நாட்டு ஓடு இல்லை, கூரைக்குப் போடும் பனங்கை இல்லை. அரியலூர்ப் பக்கம் எங்கே தோண்டினாலும் சுண்ணாம்புக்கல் வருகிற சீமையில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் சிமெண்டுக்கு அழுதிருக்கிறோம். மறுநாளே எல்லாவற்றுக்கும் விலை விசாரித்தேன். சூளைச் சுண்ணாம்பு இரண்டு வண்டி, திருமானூர்ப் பக்கத்திலிருந்து ஓடு, கொத்தனுக்கும் சித்தாளுக்கும் கூலி என்று போட்டுப் பார்த்தால், கள்ள விலையில் சிமெண்டும் தகடும் வாங்குவதில் பாதிகூட ஆகவில்லை. அப்பா அந்தத் தொகையை மட்டும் நான்கு தடவை படித்தார்.

அஸ்திவாரத்துக்கென்று சூளையில் சுடாத சுண்ணாம்புக்கல்லும் ஒரு வண்டி வந்து இறங்கியது. அதில் ஒரு கல்லில் சிப்பி பதிந்திருந்தது. கடலைப் பார்க்காத ஊரில் சிப்பி எப்படி வந்தது என்று, வேலைக்குப் பேசியிருந்த மேஸ்திரியைக் கேட்டேன். “கல்லுக்குள்ள போயி பதில் கேக்குறியே பாப்பா” என்றார். அந்தக் கல் மட்டும் இப்போது என் புத்தகப் பெட்டியின் மேல் இருக்கிறது.

வேலை தொடங்கிய அன்று அப்பா விடியற்காலையில் அரியலூருக்கு ஆள் ஏற்றிப் போய்விட்டார். நான் எழுந்து வந்து பார்த்தபோது மஞ்சள் குங்குமம் வைத்து அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது. குழி சாக்கடையையும் தாண்டித் தெருவில் போயிருந்தது. அடிக்கோலை எடுத்து அளந்தேன். இருபது.

“மேஸ்திரி, பதினெட்டுதானே அனுமதி?”

“பதினெட்டு மனைக்கு ஆகாதும்மா. இருக்கறதும் போயிரும். மனையடி சாஸ்திரம் அப்படித்தான் சொல்லுது. பதினாறு நல்லது, பதினேழு ராஜயோகம். பதினெட்டு, பத்தொம்பது ரெண்டும் வேணாம். அதான் இருபதுக்குப் போட்டேன். ஒங்கம்மாவுக்குத் தெரியுமே.”

அம்மா அடுப்பங்கரையை விட்டு வெளியே வரவில்லை.

அன்று மத்தியானமே போர்டு ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். குழியைப் பார்த்தார், என் வரைபடத்தைப் பார்த்தார். “எட்டு நாள் தரேன். தெருவுல தோண்டுனத மூடி, திருத்துன படம் குடுங்க. இல்லாட்டி அனுமதி ரத்து” என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அத்தை தன் வீட்டு வாசலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அப்பா வந்தார். ஓவர்சியர் தாளைப் படித்துக் காட்டினேன். அவர் மேஸ்திரி பக்கம்தான் நின்றார்.

“பதினாறுல கட்டுனேன் ஆயி. அதுக்கப்பறந்தான் காரு வாங்குனேன், ஒன்னப் படிக்க வச்சேன். பதினெட்டுல கட்டி எல்லாத்தையும் விட்டுறவா?”

நான் படித்ததற்கு என் தலை காரணமா, பதினாறு அடி ஷெட் காரணமா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. இருபதுக்குப் போர்டு விடாது. பதினெட்டுக்கு மேஸ்திரி கரண்டியைத் தொட மாட்டார். பதினேழு அடி ஷெட்டில் பதினேழு அடிக் காரை நிறுத்தினால் கதவைச் சாத்த ஒரு விரல் இடம்கூட இருக்காது.

இரண்டு நாள் வேலை நின்றது. மூன்றாம் நாள் காலையில் விசிறி சுற்றிக்கொண்டிருந்தபோது, உருளையின் அடியில் ஒரு கோழி படுத்திருப்பதைப் பார்த்தேன். கோழி தாராளமாகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: உருளை தரையைத் தொடவில்லை, தொங்குகிறது. உள்ளே ஓடிப் பள்ளிக்கூட மர ஸ்கேலை எடுத்துவந்து கோழியை விரட்டிவிட்டு அளந்தேன். தரைக்கும் உருளைக்கும் நடுவே ஒன்றரை அடிக்கு மேல் இருந்தது.

மேஸ்திரி வீட்டுக்கு நேரே போனேன். அவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

“மனையடிய எங்க அளப்பீங்க மேஸ்திரி? தரையிலயா, சுவத்து நடுவுலயா?”

“தரையிலதான். உள்கூடு. சுவத்துக்குச் சுவரு.”

“பின்சுவத்த ஒட்டி, கீழருந்தே ஒரு அடி அகலத்துக்கு, ஒரு அடி ஒசரத்துக்குக் கட்டைச் சுவரு எழுப்புனா?”

“கட்டைச் சுவரும் சுவருதான். அங்கேருந்துதான் அளக்கணும்.” வேப்பங்குச்சி வாயிலேயே நின்றது. “அப்ப தரை பதினேழு.”

“ராஜயோகம்னீங்களே.”

“காரு?”

“உருள கட்டைச் சுவத்துக்கு மேல தொங்கும். மேல பதினெட்டு இருக்கு. காரு பதினேழு.”

அவர் எழுந்து, வாயைக் கூடக் கொப்பளிக்காமல் என்னோடு வந்தார். ஸ்கேலால் அளந்ததை அவர் நம்பவில்லை. தன் முழக்கோலால் அளந்தார். ஒரு தரம் முன்னால், ஒரு தரம் பின்னால். பிறகு அப்பாவைப் பார்த்து, “ஒம் மவ என் தொழிலுக்கு வந்தா நான் பொழைக்க முடியாது” என்றார். அப்பா சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான். அம்மா அடுப்பங்கரையிலிருந்து வந்து குழிக்குப் புதிதாகக் குங்குமம் வைத்தாள்.

தெருவில் தோண்டியதை அன்றே மூடினோம். திருத்திய படத்தை ஏழாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். “இந்தக் கட்டைச் சுவரு எதுக்கும்மா?” என்றார் குமாஸ்தா. “மேல ஏறி நின்னு கரி கொட்டலாங்க. மணல் வாளி வைக்கலாம்” என்றேன். அது உண்மைதான். இப்போது நான் அதில் ஏறி நின்றுதான் கரி கொட்டுகிறேன். மனையடியைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மார்கழி முடிவதற்குள் ஓடு ஏறியது. தை பிறந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். அப்பா காரைப் பின்புறமாக உள்ளே விட்டார்; நான் கதவைச் சாத்தினேன். முன்னும் பின்னும் அரை அடி மிச்சம். இன்ஸ்பெக்டர் ஓட்டைப் பார்த்தார், மணல் வாளியைப் பார்த்தார், ஆறு மாதத்துக்கு அனுமதியை நீட்டித்தார். வெளியே வரும்போது சாக்கடைமேல் போட்டிருந்த பலகை அவர் காலடியில் முனகியது. “கரியோட இந்தக் காரு கனத்துக்கு இது தாங்காது. அடுத்த தரம் வரப்போ இங்க கெட்டியா ஒரு தளம் இருக்கணும்” என்று அதையும் தாளின் அடியில் எழுதினார்.

அன்று மாலை அத்தை ஷெட்டுக்குள் வந்தாள். காரைச் சுற்றி நடந்தாள். சுவரை விரலால் தட்டிப் பார்த்தாள்.

“என்ன அத்தை, காகிதமா?”

“சுண்ணாம்புதான்” என்றாள். “ஆனா ஒன் வாய்க்கு எந்த ஆபீசுலயும் அனுமதி கெடைக்காது.”

இது நடந்து ஐந்து மாதம் ஆகிறது. போன வாரம் தாலுகா ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாங்கள் எப்போதோ எழுதி வைத்த சிமெண்டு இரண்டு மூட்டைக்கும் பர்மிட்! ஷெட் கட்டி முடித்த பிறகு. ‘கார் ஷெட்டுக்கு மட்டும்’ என்று போட்டிருந்தது. “வாங்கி வச்சுக்க, யாரு கேக்கப் போறா?” என்றாள் அத்தை. “போர்டுல கேப்பாங்க” என்றார் அப்பா. எட்டு நாள் கெடுவை அவர் இன்னும் மறக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. நான் மேஸ்திரியைக் கூப்பிட்டு, சாக்கடைத் தளத்துக்கு ஏதாவது மனையடி உண்டா என்று முதலில் கேட்டுக்கொண்டேன். சாக்கடைக்குச் சாஸ்திரம் இல்லையாம். அதன் பிறகுதான் அளவு எழுதினேன். ஷெட் சுண்ணாம்பிலேயே முடிந்துவிட்டதால், இந்த இரண்டு மூட்டையையும் அதன் முன்னால் இருக்கும் சாக்கடைத் தளத்துக்குப் பயன்படுத்த அனுமதி வேண்டும் என்று தாலுகா ஆபீசுக்கு ஒரு மனு. தளம் போட போர்டுக்கு ஒரு மனு, கூடவே படம் இரண்டு நகல். நேற்றுக் காலை தபாலாபீஸ் திறந்ததும் இரண்டையும் சேர்த்துவிட்டேன்.