பச்சை நூல் கட்டிய சிவப்புக் கயிறு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நான் சத்தியமெல்லாம் பண்ணப் போவதில்லை. போன மார்கழியில், பழவேற்காடு ஏரியில், என் கையால் தொட்ட விஷயம் இது.

நான் எபினேசர். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். லீவு நாளில் படகு மோட்டார் ரிப்பேர் பார்ப்பேன். முந்தின சாயங்காலம்தான் குணாளன் படகில் செகண்ட் ஹேண்ட் மோட்டார் ஒன்றை மாட்டிக் கொடுத்துவிட்டு, ஏரி நடுவே இருக்கும் அவன் குப்பத்திலேயே தங்கினேன்.

புரோக்கர் மூலமாக வந்த மோட்டார். கூடவே வர வேண்டிய சிவப்புக் கயிறு வரவில்லை. படகு ஓட்டுகிறவன் அதன் வளையத்தை மணிக்கட்டில் மாட்டிக்கொள்வான். மறுமுனையில் உள்ள கிளிப் ஸ்விட்சில் இருந்தால்தான் மோட்டார் ஓடும். ஆள் தண்ணீரில் விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொள்ளும், மோட்டார் நின்றுவிடும். நான் கிளிப்புக்குப் பதில் ஒரு ரப்பர் ஹோஸ் துண்டை வெட்டிச் சொருகி வைத்தேன். திருட்டு வேலைதான். எல்லா மெக்கானிக்கும் செய்கிறதுதான்.

விடிவதற்குள் குணாளன் மனைவி வினோதாவுக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. எட்டாவது மாதம். குப்பத்துக்கு ரோடு கிடையாது. அக்கரையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. 6.05க்குப் படகை எடுத்தோம். நாங்கள் மூன்று பேர் மட்டும். எதிரே ஒன்றும் தெரியாத பனி.

6.21. மோட்டாரைக் குளிர வைத்து வெளியே பீய்ச்சும் தண்ணீர் நின்றது. 'பீ...' என்று அலாரம். நிறுத்தித் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் இழுக்கும் ஓட்டையில் பிளாஸ்டிக் கவர். பிடுங்கி எறிந்தேன். மோட்டார் தொட முடியாத கொதிப்பு.

"இன்னாண்ணா, ஆவுதா?" படகின் முன்பக்கம், வினோதாவின் தலையை மடியில் வைத்திருந்த குணாளன் கேட்டான்.

"சூடு ஆறணும்டா."

6.40. இழுத்தேன். கிளம்பவில்லை. மறுபடி... மறுபடி... பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். ஸ்பார்க் வரவில்லை.

வினோதா முனகுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"கயிறு மாட்டலியே நைனா."

முதுகுக்குப் பின்னால். மெதுவாக.

குணாளன்தான் என்று நினைத்தேன். ஸ்விட்சைப் பார்த்தேன். ஹோஸ் துண்டு இல்லை. தண்ணீரில் விழுந்திருக்க வேண்டும்.

படகின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது. பாதி தண்ணீருக்குள். விறைப்பாக.

இழுத்தேன். யாரோ பிடித்திருப்பது போல் கனம்.

பிறகு... விட்டது.

நடுவில் பச்சை நூலால் ஒரு கட்டு. தண்ணீர் ஜில்லென்று இருந்தது. கயிற்றின் வளையம் மட்டும் சூடாக இருந்தது.

விரல்கள் மரத்துப் போயின. மனசும்தான். எதையும் யோசிக்கத் தோன்றவில்லை. கிளிப்பை மாட்டினேன்.

ஒரே இழுப்பு.

6.52. மோட்டார் பிடித்தது.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் டீ குடிக்கும்போது குணாளனிடம் சொன்னேன்.

"கயிறு மாட்டலன்னு நல்ல நேரத்துல சொன்னடா."

"நானா? நான் வாயே தொறக்கலியேண்ணா."

அடுத்த வாரம் புதுக் கயிறு வாங்கி மாட்டிவிட்டு, பழையதைக் கொடுத்துவிடலாம் என்று மோட்டாரை விற்ற வீட்டைத் தேடிப் போனேன். பூவம்மாள் என்ற விதவை. கயிறு என் பையில் இருந்தது. வெளியே எடுப்பதற்கு முன் அவரே சொன்னார்.

"எங்க ஊட்டுக்காரரு துலுக்காணம் மோட்டாரு அது. சூடாயி நடு ஏரியில நின்னுச்சாம். குனிஞ்சி பாக்கும்போது, தலையில அடிபட்டு வுழுந்துட்டாரு. பனியில யாரும் பாக்கல."

"அந்தக் கயிறு...?"

"கையிலயே இருந்துச்சிப்பா. கை உப்பிப் போயி கழட்ட முடியல. அப்படியே பொதைச்சிட்டோம். அறுந்து போனத நான்தான் பச்சை நூலால கட்டிக் குடுத்தேன்."

பைக்குள் கையை விட்டு வளையத்தைத் தொட்டேன். சூடாக இருந்ததா என்று கேட்காதீர்கள். அந்த விரல்களில் இப்போது சூடும் தெரிவதில்லை, குளிரும் தெரிவதில்லை.