தீன் பையில் வெள்ளை கட்டிய கலியாணம்

நேற்றுக் காலை கோழித்தீன் பையொன்றின் வாயைப் பிரிக்கப் போய் என் கணவர் தோற்றுப்போனார். அந்தப் பையின் வாயை ஒரு நூலால் தைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் விர்ரென்று முழுத் தையலும் ஒரே இழுவையில் கழன்று வந்துவிடும். பிழையான முனையைப் பிடித்தால் முடிச்சு விழும். பிறகு கத்தியும் பல்லும்தான் துணை. மனிதர் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். இத்தனை வருடமாகியும் அந்த முனை மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் நான் போய் ஒரு இழுவை இழுத்தேன். மீன்தூளும் சோளமும் கலந்த மணம் குப்பென்று முகத்தில் அடித்தது. மூக்கைப் பொத்த வேண்டிய மணம்தான். ஆனால் எனக்கு அது கலியாண வீட்டு மணம். சிரிக்காதீர்கள், சொல்லுகிறேன்.

சண்டை முடிந்து, முகாமிலிருந்து ஒட்டுசுட்டான் பக்கத்தில் இருக்கும் எங்கள் காணிக்குத் திரும்பி வந்த புதிது. அண்ணன் எப்படியோ ஒரு சின்னக் கோழிப்பண்ணை தொடங்கியிருந்தான். கோழிகளால் என்ன கண்டோமோ தெரியாது, தீன் பைகளால் நாங்கள் கண்ட பலன் கொஞ்சநஞ்சமல்ல. கிணற்றடிக்கு மறைப்பு தீன் பை. சைக்கிள் சீற்றுக்கு உறை தீன் பை. மண் நிரப்பினால் கத்தரிக் கன்றுக்குச் சாடி. ஒரு மூலையை உள்ளே தள்ளித் தலையில் கவிழ்த்தால் மழைக்கோட்டு. சரசரவென்ற சத்தத்துக்கு யானை வராது என்று அண்ணன் வேலி முழுக்கப் பைகளைத் தொங்கவிட்டான். யானை வந்தது. பைகளை ஆறுதலாகப் பிடுங்கி ஒரு பக்கமாகப் போட்டுவிட்டு, வாழையைத் தின்றுவிட்டுப் போனது. மிதிபட்ட பைகளைக்கூட அண்ணி எறியவிடவில்லை. கழுவிக் காயவைத்துக் குசினி வாசலில் கால்மிதியாகப் போட்டாள்.

அண்ணியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம் பிடிக்கும். எங்கள் வீட்டுத் தீன் பை இலாகாவுக்கு அவள்தான் மந்திரி. பிரித்த நூலைக்கூட உருண்டையாகச் சுற்றி வைப்பாள். தேசிக்காய் அளவில் தொடங்கிய அந்த உருண்டை, எனக்குக் கலியாணம் பேசி வந்த நேரம் தேங்காய் அளவுக்கு வளர்ந்திருந்தது.

மாப்பிள்ளை வீடு யாழ்ப்பாணப் பக்கம். மாப்பிள்ளையின் அம்மாவை, அதாவது என் மாமியை, அவர்கள் பெண் பார்க்க வந்தபோது ஒரேயொரு தடவைதான் கண்டிருந்தேன். மடிப்புக் கலையாத சேலை, அளந்து விடும் கதை. எங்கள் தகரக் கொட்டிலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "கலியாணத்தை எங்கட பக்கம் ஒரு மண்டபத்தில வைப்பமே? உங்களுக்கும் கரைச்சல் இல்லை" என்றா. அவா நல்லதுக்குத்தான் சொன்னா. ஆனால் அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

"குறை நினைக்காதைங்கோ. கலியாணம் என்ர காணியிலதான் நடக்கும்" என்றார்.

சொல்லிவிட்டார். ஆனால் பந்தலுக்கு எங்கே போவது? ஷெல்லடியில் தென்னைகள் எல்லாம் தலையில்லாமல் நின்ற காலம். ஓலை பின்னிய கிடுகு கிடையாது. எங்கள் ஊர் வழக்கப்படி பந்தலின் உள்முகட்டில் வெள்ளைத் துணி விரித்து வெள்ளை கட்ட வேண்டும். மணவறைக்கு மேலே வெள்ளை இல்லாவிட்டால் அது கலியாண வீடே இல்லை. வெள்ளை கட்டுகிற குடும்பமோ இன்னும் ஊர் திரும்பவில்லை. அண்ணன் மெல்ல, "முகாமில தந்த தறப்பாள் கிடக்குத்தானே அப்பா" என்று வாயெடுத்தான்.

"தறப்பாளுக்குக் கீழ இருந்தது காணும்" என்றார் அப்பா. "என்ர பிள்ளை அதுக்குக் கீழ இருந்து தாலி வாங்க வேண்டாம்."

இரண்டு நாள் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. மாமி சொன்னதுதான் சரி என்று ஆகிவிடுமோ என்ற பயம் அவருக்கு. புகுந்த வீட்டில் வாழ்நாள் முழுக்க 'ஒண்டுமில்லாத இடத்துப் பெட்டை' என்ற பெயரோடு இருக்க வேண்டி வருமோ என்ற பயம் எனக்கு.

மூன்றாம் நாள் அண்ணி ஒரு தீன் பையைப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிக் காட்டினாள். வெளியே ஒரு பெரிய சிவப்புச் சேவலும் எழுத்துகளும். உள்ளே பார்த்தால் பளிச்சென்ற வெள்ளை.

"சேவல் வானத்தைப் பாக்கட்டும். வெள்ளை எங்களைப் பாக்கட்டும்" என்றாள்.

போதாத பைகளுக்கு அண்ணன் முல்லைத்தீவுக்கு ஓடினான். எங்களைப் போலவே ஊர் திரும்பித் தீன் கடை போட்டிருந்த முஸ்லிம் அண்ணர், எங்களுக்கு அவர் 'நானா', விசயத்தைக் கேட்டதும் கடையிலிருந்த வெறும் பைகளையெல்லாம் கட்டிக் கொடுத்து, "தங்கச்சியின்ர கலியாணத்துக்கு என்ர வெள்ளையும் கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். நாற்பத்தெட்டுப் பை சேர்ந்தது. வாய்க்காலில் சவர்க்காரம் போட்டு மூன்று தடவை அலசினோம். அப்போதும் மணம் முழுதாகப் போகவில்லை. பிறகு அண்ணியும் நானும் எதிரெதிரே இருந்து, அந்தத் தேங்காய் உருண்டை நூலை உருவி உருவி, சாக்கு ஊசியால் பையோடு பையாகத் தைத்தோம். தன் கலியாணப் பந்தலுக்குக் கூரை தைத்த பெண் வன்னியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மருதாணி போட வேண்டிய விரல்களில் ஊசி குத்திய பொட்டுகள்.

கலியாணத்துக்கு முதல்நாள், பொழுதுபட்ட பிறகுதான் அதைத் தூக்கிக் கட்டி முடித்தோம். அண்ணாந்து பார்த்தால் பால் போல வெள்ளை. அப்பா கீழே நின்று வெகுநேரம் பார்த்தார். "வடிவாய்க் கிடக்கு" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார்.

பொழுதுபட்ட பிறகு கட்டியதுதான் நாங்கள் விட்ட பிழை.

ஆவணி மாதத்து முகூர்த்தம். நான் கூறைச்சேலை உடுத்தி மணவறையில் வந்து இருக்கும்வரை பந்தல் புளியமரத்து நிழலில் கிடந்தது. ஐயர் மந்திரம் சொல்லச் சொல்ல வெயில் மரத்தைத் தாண்டி மேலே ஏறியது. முதலில் மாப்பிள்ளையின் தலைக்கு மேலே ஒரு சிவப்புக் கொண்டை தெரிந்தது. பிறகு ஒரு வால். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளை முழுவதும் ஒளி பரவி, நாற்பத்தெட்டுச் சேவல்களும் எங்கள் தலைக்கு மேலே துலக்கமாக வந்து நின்றன. நாங்கள் அவசரத்தில் தைத்ததில் பாதிச் சேவல்கள் தலைகீழ்.

மேளம் தானாக நின்றது. ஐயரும் அண்ணாந்தார். அப்பா கன்னத்தில் அறை வாங்கியவர் மாதிரி நின்றார். நான் மாமியைப் பார்த்தேன். மாமி முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல், ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை எல்லாச் சேவலையும் ஒழுங்காகப் பார்த்து முடித்தா.

"சம்பந்தி" என்றா அப்பாவைப் பார்த்து. "தாலி கட்டேக்க கூவாட்டிச் சரி."

ஒரு கணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. மாமியின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. பிறகு முழு உடம்பும். மடிப்புக் கலையாத அந்தச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, பக்கத்துக் கதிரையில் விழுந்து விழுந்து சிரித்தா. பந்தலே சிரித்தது. மேளகாரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கெட்டிமேளம் அடிக்க, மாப்பிள்ளை தாலியை எடுக்க, பக்கத்து வளவில் யாரோ வளர்த்த சேவல் ஒன்று, சத்தியமாகச் சொல்லுகிறேன், தொண்டை கிழியக் கூவியது. தாலி முடிச்சை எத்தனை தடவை போட்டார் என்று அவருக்கே தெரியாது. அப்படிச் சிரிப்பு. அப்பாவும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாளுக்குப் பிறகு அப்பா சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

சாப்பாடு முடிந்து வாகனத்தில் ஏறுகிற நேரம் மாமி இறங்கி வந்தா. சீதனத்தைப் பற்றி ஏதோ கேட்கப் போகிறா என்று அண்ணி பயந்துவிட்டாள்.

"பிள்ளை, அந்த வெள்ளையைக் கழட்டி எனக்குத் தாருங்கோ. கீழ விரிச்சு ஒடியல் காயப்போட நல்லொரு படங்கு இல்லாமல் நான் படுறபாடு."

கழற்றிச் சுருட்டி, வாகனத்தின் மேலே கட்டிக் கொண்டுபோனா. எனக்கு முதலே அது புகுந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் மாமியின் முற்றத்தில், சேவல்களுக்கு மேலே பனங்கிழங்கு ஒடியலாகக் காய்ந்தது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம், "இதுக்குக் கீழ இருந்துதான் என்ர மகன் தாலி கட்டினவன்" என்று காட்டுவா. கோயில் மண்டபத்தில் கட்டியதாகச் சொல்லுகிற பெருமை அந்தக் குரலில் இருக்கும். ஒண்டுமில்லாத இடத்துப் பெட்டை என்று ஒருநாளும் ஒருவரும் என்னைச் சொல்ல அவா விடவில்லை.

அந்தப் படங்கை வெயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. தொட்டால் வெள்ளைத் தூளாக உதிர்ந்தது. உதிராத துண்டுகளை மாமி வெட்டி வெட்டிக் கருவேப்பிலைக் கன்றுக்கு நிழல் கட்டினா. போன வருடம் மாமியும் போய்விட்டா.

நேற்றுத் தீனைக் கொட்டிய பிறகு வெறும் பையை இரண்டாகப் பிரித்தேன். இப்போது வருகிற பைகள் வேறு. மேலே பளபளவென்று ஒரு பூச்சு. சேவலும் கமராவில் எடுத்த படம், கலர் கலராய் நிற்கிறது. முற்றத்து வெயிலில், சேவல் வானத்தைப் பார்க்க, அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கணவர் கத்தியைத் துடைத்தபடி வந்தார். மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு, அவரும் கீழே வந்து நின்று அண்ணாந்தார்.

"சேவல் தெரியுதோ?" என்றார்.

"இல்லை" என்றேன். ஒரு பொட்டு வெளிச்சமும் உள்ளே வரவில்லை.