தோய்க்காத பை

இரண்டு கிழமைக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், என் தம்பியின் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது.

என் தம்பி ஜெறோம் செத்து ஐந்து மாதம்.

போன் குசினியில், ரைஸ் குக்கருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அம்மா அதற்குத் தினமும் சார்ஜ் போடுவார். ஏன் என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. கூட்டாளிமார் எழுதுவதை நிறுத்தி நெடுநாள். அன்றைக்கு 'டிங்' என்று சத்தம் வந்ததும் அம்மாவின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது.

மெசேஜ் டெனிஷில். நான் வாசித்து அம்மாவுக்குச் சொன்னேன்.

"ஹாய் ஜெறோம். நான் கிர்ஸ்டன், கல்லூரி ஃபுட்போல் அணியின் புது ஹெட் கோச். ஜேர்சிப் பை உன்னிடம் இருப்பதாக லிஸ்டில் இருக்கிறது. வியாழன் ஐந்து மணிக்குப் பயிற்சி. கொண்டு வருவாயா? எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கப் போகிறோம். உன்னைப் பார்க்க ஆவல்!"

கடைசியில் ஒரு பந்துப் படம்.

"இந்த மனிசிக்குத் தெரியாதே?" என்றார் அம்மா.

"தெரியாது போல."

"ஒருத்தரும் சொல்லேல்லையே?"

நான் போனைத் திரும்பவும் சார்ஜில் போட்டேன்.

இந்தப் பக்கத்தைக் கிழமைக்குக் கிழமை வாசிக்கிறவர்களுக்கு ஒரு உண்மை சொல்ல வேண்டும். ஐந்து மாதமாக பஸ், பனி, முதியோர் இல்லத்தில் நான் உடுப்புத் தோய்க்கிற கதை என்று என்னென்னவோ எழுதினேன். தம்பியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுதினால் அது உண்மையாகிவிடும் என்று பயம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான்... இதைவிட நல்ல காரணம் சொல்லத் தெரியவில்லை.

ஜெறோமுக்குப் பத்தொன்பது வயது. விபோர்க் தொழிற்கல்லூரியில் தச்சு வேலை படித்தான். கல்லூரி அணியில் இடது பக்க டிஃபென்டர், ஐந்தாம் நம்பர். ஒரு திங்கட்கிழமை காலை சைக்கிளில் போனான். சந்தியில் அவனுக்கும் பச்சை விளக்கு, பக்கத்தில் நின்ற லொறிக்கும் பச்சை விளக்கு. அவன் நேரே போனான். லொறி வலது பக்கம் திரும்பியது.

இதற்கு மேல் என்னால் முடியாது.

அதற்கு முந்தின சனிக்கிழமை மேட்ச். இங்கே டெனிஷ்காரரிடம் ஒரு பழக்கம் இருக்கிறது - மேட்ச் முடிந்ததும் எல்லாரும் ஜேர்சியைக் கழற்றி ஒரே பைக்குள் போடுவார்கள். முறை வைத்து ஒவ்வொருவராக வீட்டுக்குக் கொண்டு போய்த் தோய்த்து வர வேண்டும். யாருடைய முறை என்று உடுப்பு மாற்றுகிற அறைக் கதவில் லிஸ்ட் தொங்கும். அந்தக் கிழமை ஜெறோமின் முறை.

"நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசை. திங்கள் தோய்க்கிறன், அங்காலை வை" என்றார் அம்மா.

திங்கள் வந்தது.

பதினாறு ஜேர்சி, வேர்வையும் ஈரமுமாக. அம்மா அந்தப் பையைத் தம்பியின் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டார். "அதுக்குள்ளை என்ரை பிள்ளையின்ரை வேர்வை இருக்கு. ஒருத்தரும் தொடப்படாது." செத்த வீட்டுக்கு வந்து கழுவித் துடைத்த மாமிமாரைக்கூட அந்த அறைக்குள் விடவில்லை. நானோ விடிந்தால் யார் யாருடையவோ உடுப்பைத் தோய்க்கிறவள். அந்த ஒரு பையைத் திறக்க எனக்கும் துணிவு வரவில்லை.

அதைத்தான் இப்போது ஒருத்தி பந்துப் படம் போட்டுக் கேட்கிறாள்!

தம்பிக்குப் பிறகு அந்த அணி விளையாடவே இல்லை. பழைய கோச் ஒருநாளும் மைதானத்துக்குத் திரும்பி வரவில்லை. பாதிப் பேர் விட்டுவிட்டார்கள். அணியை அடியிலிருந்து கட்டி எழுப்ப ஒடென்சேயிலிருந்து ஒரு ஆள் வரப் போவதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அந்த ஆள் இவர்தான்.

புதன்கிழமை தற்செயலாகப் போனை எடுத்துப் பார்த்தால்... அந்த மெசேஜுக்குக் கீழே ஒரு கட்டைவிரல் படம்!

அம்மாவுக்கு ஸ்கீவ நகரத்து மீன் தொழிற்சாலையில் இருபது வருடமாக வேலை. மீனைப் பற்றிய எல்லா டெனிஷும் அவருக்குத் தெரியும். வேறு டெனிஷ் தெரியாது. போனில் எது வந்தாலும் கட்டைவிரல்தான். பிறந்தநாளுக்கும் கட்டைவிரல், மரண அறிவித்தலுக்கும் கட்டைவிரல்.

"என்னம்மா வேலை செய்து வைச்சிருக்கிறியள்?"

"ரீச்சர் மரியாதையாக் கேட்டிருக்கிறா. பதில் போடாமல் விடுறதே?"

"அவ ரீச்சர் இல்லை, கோச்!"

"ரெண்டும் ஒண்டுதான்."

"ஜெறோம் வாறான் எண்டெல்லோ அவ நினைக்கப் போறா!"

அம்மா வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்ப என்னத்தை எழுதுறது? என்ரை பிள்ளை செத்துப்போச்சு எண்டு நான் எழுதோணுமோ? அவன்ரை போனிலை இருந்தே?"



நானாவது ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். போடவில்லை. கோபம். ஒரு பிள்ளை செத்ததுகூடத் தெரியாமல் என்ன கட்டி எழுப்பல்? நேரே போய், முகத்துக்கு முன்னால் கத்த வேண்டும் போல இருந்தது.

வியாழன் வேலை முடிந்ததும் போனேன், வெறுங்கையோடு.

மார்ச் மாதக் காற்று காதை அறுத்தது. மைதானத்தில் எட்டே எட்டுப் பேர், ஆளுக்கொரு நிறத்தில் சட்டை. என்னைக் கண்டதும் ஒவ்வொருவராக நின்றார்கள். கோல் கீப்பர் மத்தியாஸ் - ஜெறோமின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருவன் - என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். பந்து மெதுவாக உருண்டு அவனைத் தாண்டி கோலுக்குள் போனது.

கிர்ஸ்டன் கையை நீட்டிக்கொண்டு வந்தார். ஐம்பது வயது இருக்கும். மழைக்கோட்டு, கழுத்தில் விசில். ஜெறோமின் போன் படத்தில் இருக்கிற கறுப்புத் தலைமயிர் அந்த மைதானத்தில் எனக்கு மட்டும்தான் என்பதால் ஆளைக் கண்டுபிடிக்க அவருக்குச் சிரமம் இருக்கவில்லை.

"நீர் ஜெறோமின்ரை அக்காவோ? அவன் வரேல்லையே? சுகமில்லையோ?" என்று டெனிஷில் கேட்டார்.

கத்துவதற்கு ஐந்து மாதம் சேர்த்து வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒரு வரி.

"ஜெறோம் செத்துப்போனான்."

அவர் சிரித்த முகம் அப்படியே இருந்தது. "இல்லையே... செத்தது இம்மானுவேல் எல்லோ? கல்லூரி தந்த கடிதத்திலை..."

இம்மானுவேல்! அது அப்பாவின் பெயர்.

நம் ஆட்களுக்கு இது விளங்கும். பிள்ளைக்குப் பெயர் பதியப் போன அப்பா, ஊர்ப் பழக்கத்தில் தன் பெயரை முன்னால் எழுதி, பிள்ளையின் பெயரைப் பின்னால் எழுதினார். டெனிஷ்காரருக்கு முன்னால் இருப்பதுதான் ஆளின் பெயர். எனக்கும் அதே கதைதான். முதியோர் இல்லத்தில் வேலை நேரத்துக்கு நான் குத்துகிற அட்டையிலும் 'இம்மானுவேல்'. "பொம்பிளைக்கு ஏன் ஆம்பிளைப் பேர்?" என்று ஒரு கிழவர் தினமும் கேட்பார். தினமும் புதிதாகச் சிரிப்போம்.

கல்லூரியின் கடிதத்தில் செத்தவன் இம்மானுவேல். கதவில் தொங்கிய, அணிப் பெடியன்கள் கையால் பெயரும் போன் நம்பரும் எழுதிய லிஸ்டில் பை வைத்திருக்கிறவன் ஜெறோம். அவருக்கு அது இரண்டு பேர். ஒருவன் செத்துவிட்டான். மற்றவன் கட்டைவிரல் போட்டிருக்கிறான்.

கிர்ஸ்டன் ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு பெடியன்களைப் பார்த்துக் கேட்டார். "ஜெறோம் பையோடை வாறான் எண்டு நான் ரெண்டு தரம் சொன்னனான். ஒருத்தரும் வாய் திறக்கேல்லையே. ஏன்?"



மத்தியாஸ்தான் கையுறையைக் கழற்றியபடி சொன்னான். "அவன் கட்டைவிரல் போட்டவன் எண்டு நீங்கள் சொன்னீங்கள்."

"அதுக்கு?"

"அது அவனில்லை எண்டு தெரியும். ஆனால்... அவன் வாறான் எண்டு ஒராள் சொல்ல, கேக்க நல்லா இருந்தது."

ஆறடி உயர ஆம்பிளைகள். எட்டுப் பேரும் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்குக் கத்த வரவில்லை. கிர்ஸ்டன் எழும்பி, "பை உங்களிட்டையே இருக்கட்டும்" என்றார். பதினொரு பேருக்கு வழியில்லாமல், எட்டுப் பேர் ஆடுகிற சின்னப் போட்டியில்தான் பெயர் கொடுத்திருந்தார். முதல் மேட்சுக்கு ஒன்பது நாள் இருந்தது. "கல்லூரியிலை வேறை ஜேர்சி இல்லை. அந்த மேட்சை வேண்டாம் எண்டு சொல்லி விடுறன்." அவருடைய காற்சட்டை பின்பக்கம் முழுக்கச் சேறு. அதைத் தட்டக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெயர் மாறின கதையை அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம். அவர் தாங்க மாட்டார்.

 பிறகு அம்மா கேட்டார்:

"எத்தினை பிள்ளையள் நிண்டதுகள்?"

"எட்டு."

"என்னத்தைப் போட்டு விளையாடுதுகள்?"

"ஆளுக்கொரு சட்டை."

"அந்தப் பையை இழு."

இழுத்தேன். பையின் ஸிப்பைத் திறந்தது அம்மாதான்.

நான் எதிர்பார்த்தது என்ன? தம்பியை. அவன் அள்ளி அடிக்கிற ஸ்பிரே, வேர்வை, கொஞ்சம் மர வாசம். வந்தது ஈரச்சாக்கு நாற்றம். பதினாறும் ஒன்றோடு ஒன்று ஒட்டி, கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம்.

அம்மா ஐந்தாம் நம்பரை உரித்து எடுத்தார். முகத்தில் வைத்து மணந்தார். கழுத்து, கை, அக்குள் என்று ஒரு இடம் விடாமல் மணந்தார்.

"இல்லைப் பிள்ளை" என்றார். "அவன் இதிலை இல்லை."

ஐந்து மாதமாக நாங்கள் காவல் காத்தது பூஞ்சணத்தை.

அழுது முடிய நெடுநேரம் போனது. அதற்குப் பிறகு வேலை. இது எனக்குத் தெரிந்த வேலை - வினாகிரியில் ஊறவிட்டு, சுடுதண்ணீரில் போட்டு, திரும்பவும் வினாகிரி. மூன்று தரம் தோய்த்தோம். வீடு முழுக்கக் கொடி கட்டிக் காயவிட்டோம். பதினைந்து ஜேர்சி வெள்ளையாக வந்தது. ஐந்தாம் நம்பரில் மட்டும் கழுத்துப் பக்கம் நாலு கறுப்புப் புள்ளி. போகவே இல்லை.

"இதை வைச்சிருப்பமே அம்மா?"

"வேண்டாம். பதினாறு வந்தது, பதினாறு போகோணும். ரீச்சர் எண்ணிப் பாப்பா."

ரீச்சர் எண்ணவில்லை. பையை இரண்டு கையாலும் வாங்கினார். கதவில் தொங்கிய லிஸ்டில் ஜெறோமின் பெயருக்கு நேரே 'தோய்த்தாச்சு' என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. பேனையை என்னிடம் தந்தார். நான் சரி போட்டேன். 

புது கோச், புது சீசன், புது அணி என்று பெரிதாகச் சொல்கிறோம். கடைசியில் எல்லாம் போய் நிற்பது பழைய லிஸ்டில், யாரோ முடிக்காமல் விட்டுப்போன ஒரு கட்டத்தில்தான்.

போன சனி ஸ்கீவவில் மேட்ச், நானும் போனேன். ஆறுக்குப் பூச்சியம். தோல்வி. மத்தியாஸ் ஆறாவது கோலுக்குப் பாயக்கூட இல்லை. ஐந்தாம் நம்பரை யாரும் போடவில்லை - எட்டுப் பேருக்குப் பதினாறு ஜேர்சி தேவையில்லை என்பது ஒரு வசதி. போட்டியில் தாக்குப் பிடிப்பார்களா, அடுத்த மாதம் அணி இருக்குமா, எனக்குத் தெரியாது. கிர்ஸ்டனுக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வெற்றி தோல்வி எதையும் கேட்கவில்லை.

"இந்தக் கிழமை பையை ஆர் கொண்டு போனது?"

"மத்தியாஸ்."

"இண்டைக்கே தோய்க்கச் சொல்லு."