தனிமையின் குறட்டை

அக்கா புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அவருடைய ரசிகர்கள் கேட்டார்கள். எழுதினால் போயிற்று.

மாமாவுக்கு வாஷிங் மெஷின் ரிப்பேர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ராக் பாடகர். எங்கள் குழுவில் அவர் கிட்டாரோடு கத்துவார், நான் பின்னால் உட்கார்ந்து ட்ரம்ஸை வெளுத்து வாங்குவேன். வருஷக்கணக்காகக் கத்தியும் அக்கம்பக்கத்தாரைத் தவிர யாரும் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. அவர்களும் போலீசில் சொல்லத்தான் கண்டுகொண்டார்கள்.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். எப்போதும் இரவு ஷிப்ட், பகலில்தான் தூக்கம். ஒருநாள் மதியம் மாமாவுக்குப் பாட்டு பொத்துக்கொண்டு வந்தது. வீட்டில் எதிரொலிக்காத இடம், துணி அலமாரிகள் அடைத்துக்கொண்டிருக்கும் படுக்கையறை மட்டும்தான். அக்கா விழித்தால் கிட்டார் அவர் தலையில்தான் உடையும். அதனால் அடிக்குரலில் முணுமுணுத்துப் பதிவு செய்தார். ‘பக்கத்தில் ஒருத்தருமில்லை’ என்று பாட்டு. பக்கத்திலேயே என் அக்கா மல்லாந்து படுத்து லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

பாட்டு பற்றிக்கொண்டது. என்ன அடக்கம், என்ன வலி என்று ஆளாளுக்கு உருகினார்கள். இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு மூச்சு வருகிறதே, அதைக் கேட்டு அழுதவர்களும் உண்டு. அந்தப் பாட்டில் எனக்கு வேலையே கிடையாது. மேடையில் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். எரிச்சல் வராதா?

அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“பெரிய கச்சேரி வருதுல்ல, அதுல அது என் பொண்டாட்டி மூச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அது போதும்.”

மாமா நன்றாகத் தலையாட்டினார். அக்கா லீவு போட்டு, இருப்பதில் நல்லதாக உடுத்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

பாட்டு முடிந்ததும் தொகுப்பாளர் கேட்டார், “அந்த மூச்சு யாரோடதுங்க?”

மாமா கண்ணை மூடிக்கொண்டார். “அது தனிமையோட மூச்சு.”

அரங்கமே கைதட்டியது. அக்காவும் தட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். “தனிமை தூங்கணும். நீங்க ஹால்ல படுத்துக்கங்க” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அடுத்த பாட்டை மாமா ஹாலில் பதிவு செய்தார். அதே அடிக்குரல். இந்தத் தடவை நிஜமாகவே பக்கத்தில் ஒருத்தருமில்லை. பாட்டுக் கம்பெனிக்காரர் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல இருந்த தனிமை இதுல இல்லையே.”

மன்னிப்புக் கேட்க மட்டும் இந்த மனுஷனுக்கு இன்னும் வாய் வரவில்லை. தினமும் மதியம் மூடிய கதவில் மைக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அக்கா இப்போதெல்லாம் ஒருக்களித்துத்தான் படுக்கிறாள். குறட்டை வருவதில்லை.