கோடு விழாத வண்டி

எந்த வீட்டு வேலைக்குப் போனாலும் அவர் முதலில் செருப்பைக் கழற்றி மதிலோரம் வைத்துவிட்டு, புல்லின்மேல் உள்ளங்கையை ஊன்றி அழுத்துகிறார். கையை எடுத்ததும், மடங்கிய புல் நிமிர எவ்வளவு நேரம் ஆகிறதென்று வாய்க்குள்ளேயே எண்ணுகிறார். இருபதுக்குள் நிமிர்ந்தால் வேலை. தாண்டினால், "மண்ணு ஈரமா இருக்கு. இன்னிக்கு கட்டையை நகத்தக் கூடாது" என்பார். அப்புறம் யார் சொன்னாலும் அசையமாட்டார்.

மரம் வெட்டுவது தொழில். தெருவில் அவருக்கு மரங்கொத்தி என்று பேர். மூக்கும் கொஞ்சம் அப்படித்தான், சும்மா சொல்லக்கூடாது. ஏறி அறுப்பது அவர். விழுந்த கட்டையைப் புல்வெளி தாண்டிச் சாலைவரை இழுத்துப் போடுவது மனைவி. பதினெட்டு வருஷமாக இதே கூட்டு. போன மழைக்காலத்தில் மனைவிக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இனி ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார் மருத்துவர்.

"வேற ஆளை வச்சுக்கங்க. நான் வீட்டுல உக்காந்து சுவரைப் பாக்குறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் மனைவி.

"ஆளெல்லாம் வேணாம். மோட்டார் வச்சு ஒரு தள்ளுவண்டி கட்டுறேன். நீ ஓட்டு."

அன்றைக்குப் பிடித்த பிடிதான். பழைய மின்சார ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி மோட்டாரையும் பேட்டரியையும் கழற்றினார். கட்டையை உருட்டியே ஏற்றிவிடலாம் என்று தரைக்கு ஒரு சாண் உயரத்தில் பலகை போட்டார். கைப்பிடிக்கு அளவு கேட்ட வெல்டிங் கடைக்காரரிடம் ஒரு கயிற்றை நீட்டினார். மனைவியின் முழங்கை உயரம்.

"ஏண்ணே, இது வெல்டிங் கடையா, தையல் கடையா?"

"ரெண்டும்னு வச்சுக்க. ஒரு விரக்கடை கூடுனாலும் திரும்பக் கொண்டாந்துருவேன்."

கொண்டும் வந்தார், இரண்டு தடவை.

வீட்டுப் பின்புறம் கிடந்த கட்டைகளை அடுக்கி ஓட்டிப் பார்த்தபோது வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. அந்தத் தெம்பில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மூன்று பெரிய மரம். இரண்டு வார வேலை. முதல் நடையிலேயே சக்கரம் புதைந்தது. புல்வெளியில் ஏர் பிடித்து உழுத மாதிரி இரண்டு கோடு.

தலைமையாசிரியை கண்ணாடியை மூக்குநுனிக்கு இறக்கிப் பார்த்தார். "இன்னொரு கோடு விழுந்தா மிச்ச மரத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

வீட்டு வாசலை மிதித்ததும் மனைவி ஆரம்பித்தார். "பின்னால கிடந்தது போன வருஷத்துக் காய்ஞ்ச கட்டை. அதை வச்சு ஓட்டிப் பாத்துட்டு, அங்க போயி பச்சைக் கட்டையை ஏத்துனீங்களே! ரெண்டும் ஒரே கனமா? மரம் வெட்டுறவருக்கு இதையும் நான்தான் சொல்லணுமா?"

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"கேட்டாத்தானே!"

தப்பு தப்புதான் என்று தலையைச் சொறிந்துகொண்டார். வண்டியை மட்டும் விடவில்லை. பின்சக்கரத்தைப் பக்கத்துக்கு இரண்டாக்கினார். டயர் யானைப் பாதமாகப் பரவும்வரை காற்றை இறக்கினார். பிறகு பச்சைக் கட்டையை ஏற்றி எங்கே ஓட்டிப் பார்த்தார் தெரியுமா? மனைவி அப்போதுதான் தண்ணீர் விட்டிருந்த கீரைப் பாத்தியில்!

"அய்யோ, என் கீரை!"

"மண்ணைப் பாரு இவளே, மண்ணைப் பாரு! புதையவே இல்ல!"

சக்கரம் புதையவில்லை, வாஸ்தவம். கீரை நிமிர நாலு நாளாயிற்று. அதுவரை அந்த வீட்டில் கீரைக்கும் பஞ்சம், பேச்சுக்கும் பஞ்சம்.

ஐந்தாம் நாள் மறுபடி அதே புல்வெளி. தலைமையாசிரியை வாசற்படியில் நின்றார். மனைவி கைப்பிடியைத் திருக, பச்சைக் கட்டையோடு வண்டி மெல்ல ஊர்ந்து வாயிற்கதவைத் தொட்டது. மரங்கொத்தியார் வண்டி போன தடத்தில் மண்டியிட்டு, இந்தத் தடவை வாய்விட்டே எண்ணினார். பதினாறில் புல் நிமிர்ந்தது. தலைமையாசிரியை கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, "அடுத்த மரத்தையும் பாத்துடுங்க" என்று உள்ளே போனார்.

வெறும் வண்டியோடு திரும்பி வந்த மனைவிக்கு முகமெல்லாம் பல். அந்தக் குஷியில், பதினெட்டு வருஷப் பழக்கம், அடுத்த கட்டைக்குச் சட்டென்று குனிந்து கையை நீட்டினார்.

மரங்கொத்தியார் தன் வெறுங்காலைத் தூக்கி அந்தக் கட்டையின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டார்.