மார்ச் மாதத்து மணிக்கட்டு

நர்ஸுகளுக்குக் கை கழுவச் சொல்லிக் கொடுப்பது என் உத்தியோகம். யாராவது கேட்டால் "தொற்றுத் தடுப்புப் பயிற்சியாளர்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். என் கணவருக்கு நான் வெறும் சோப்பு மகாராணி.

மார்ச் முதல் தேதி வந்துவிட்டால் பல்கேரியாவில் மார்த்தெனித்சா கட்டாத கை கிடையாது. சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூல். பனிக்காலம் முடிந்து திரும்பிவரும் முதல் நாரையைப் பார்க்கும்வரை கழற்றக் கூடாது, முன்னாலேயே கழற்றினால் ஆகாது என்பார்கள். அந்த நூலோ ஈரத்தை உறிஞ்சிக் கிருமிகளைக் குடிவைக்கும். ஆகவே வருஷா வருஷம் கத்தரிக்கோலோடு வார்டு வார்டாக அலைந்து திட்டு வாங்குவேன்.

இந்த வருஷம் என் தங்கை ஸ்விலேனாவுக்குக் குறைமாதத்தில் பையன் பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். அவளே என் கையில் நூலைக் கட்டினாள். "அவனுக்காகத்தான் அக்கா. நாரை வர்ற வரைக்கும் கழட்டிடாத." முழங்கைக்குக் கீழே எதுவும் கூடாது என்பதுதான் ஆஸ்பத்திரி விதி. நூலைத் தளர்த்தி முழங்கைக்கு மேலே ஏற்றி, சட்டைக் கைக்குள் ஒளித்தேன். விதியை எழுதியவளே நான். சந்து எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாதா!

பையன் கிடந்த வார்டிலேயே பயிற்சி. குழாயடியில் குனிந்து, கையை முழங்கைவரை தேய்த்துக் காட்டும்போது, நூல் சோப்பு நுரையில் வழுக்கி மணிக்கட்டுக்கே வந்து நின்றது. என் மானம் கப்பலேறியது.

"ஊருக்குத்தான் உபதேசமா, டீச்சரம்மா?" என்றாள் மூத்த நர்ஸ் பென்கா. "நாங்க கழட்டலாம், நீங்க கழட்டினா மட்டும் குடி முழுகிடுமோ? அப்போ எங்களதும் இருக்கட்டும்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கைகள்தான் பையனைத் தொடப்போகின்றன. எனக்கு வெட்டவும் பயம், விடவும் பயம். படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ, கத்தரிக்கோலை எடுக்குமுன் சிலுவை போட்டுக்கொண்டேன். அதற்காக மறுபடி கை கழுவ வேண்டியதாயிற்று. பிறகு என் நூலை வெட்டினேன். இப்போது யாரும் சிரிக்கவில்லை. பென்கா கையை நீட்டினாள். மற்றவர்களும் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக நீட்டினார்கள்.

சாயங்காலம் பிள்ளையைத் தொட்டுப் பார்க்க வந்த ஸ்விலேனா என் வெறும் மணிக்கட்டைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"நாரை வந்துச்சாக்கா?"

"வந்துச்சு" என்றேன். எனக்குப் பொய்யும் உருப்படியாக வராது.

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவள் சட்டைக் கையை மடித்துவிட்டு, நூல் கட்டிய தன் கையை என்னிடம் நீட்டினாள்.

"ஆமா, நானும் பாத்தேன். வெட்டு."