சண்டை விமானி சைக்கிள் பழகினார்

கொக்குவிலில் எங்களுக்கு அடுத்த வளவில் இருந்த ஐயா, இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்கு மேலே சண்டை விமானம் ஓட்டியவர். அதை அவரே சொன்னால்தான் உண்டு. சொன்னாலும் ஊரில் ஒருவரும் நம்பவில்லை. "ஓம் ஓம், நானும் கப்பல் ஓட்டினனான்," என்று சந்திக் கடைக்காரர் தேத்தண்ணியை நீட்டுவார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எங்கள் ஊர்ப் போர்த் தடையில் பெற்றோல் இல்லாமல் போனது. ஐயாவின் பழைய காருக்குள் கோழி முட்டையிடத் தொடங்கியது. அப்போதுதான் தெரிந்தது, அவருக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. நான் படிப்பிக்கப் போய்வரும் சைக்கிளில்தான் எழுபது வயதில் பழகினார். முதல் நாள் ஒரு விரலை நனைத்து உயர்த்தி, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, ஏறி மிதியுங்கோவன்," என்றார் மனைவி.

"எதிர்க்காத்து வேணுமப்பா. இல்லாட்டி எழும்பாது."

"உது எழும்பக் கூடாது. நிலத்திலை ஓடினால் காணும்."

நான் கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஒரு கிழமையில் அழகாக ஓடவும் வளைக்கவும் பழகிவிட்டார். பிரேக் பிடித்து நிற்பாட்டத்தான் வரவில்லை. வேலியோ குவித்துவைத்த எருக்கும்பியோ, அகப்பட்டதில் மோதித்தான் இறங்குவார்.

ஒருநாள் காலை அவர் சந்தியில் தனியாகச் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தபோது குண்டு போடும் பொம்மர் வந்துவிட்டது. நானும் கடைக்காரரும் கடையோரம் வெட்டியிருந்த பங்கருக்குள் பாய்ந்தோம். எட்டிப் பார்த்தால், மேலே பொம்மர் சுற்றுகிறது, கீழே ஐயா முதுகை நிமிர்த்திக்கொண்டு சந்தியைச் சுற்றுகிறார்.

"ஐயா, குதியுங்கோ!" என்று கத்தினோம். அவர் மணியை அடித்தார்.

பொம்மர் எங்களை விட்டுவிட்டுக் கடல் பக்கம் போனது. ஐயா கடையில் தொங்கிய வாழைக்குலையைக் கட்டிப்பிடித்து இறங்கினார்.

கடைக்காரர் கைகூப்பினார். "நீங்கள் உண்மையாவே பிளேன் ஓட்டினவர்தான் ஐயா. என்ன நெஞ்சுரம்!"

வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "பயப்படேல்லையோ ஐயா?"

"பயத்திலைதான் பிள்ளை பிரேக் எங்கை எண்டு மறந்துபோச்சு. உதை கடையிலை சொல்லிப்போடாதையும்."

நான் சொல்லவில்லை. அன்று பின்னேரம் ஊரே அவர் முற்றத்தில் வந்து குந்தியது. இத்தனை வருடம் ஒருவரும் கேட்காத பர்மாக் கதையை ஐயா கையால் பறந்து பறந்து சொன்னார். திரும்பி வராத ஒரு நண்பனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கையை மடியில் இறக்கி மூக்கை உறிஞ்சினார். கடைக்காரர் தன் சால்வையைக் கழற்றி நீட்டினார். ஐயா அதில் பலமாக மூக்கைச் சீறிவிட்டு, ஒழுங்காக மடித்து, அவர் தோளிலேயே போட்டுவிட்டார்.